சீன மருத்துவத்தின் ஒன்பது உடல்வாகுகளைப் பார்த்து ஆண்மைக் குறைவுக்கு மருந்து வாங்கலாமா?

கேட்டவருக்கு வயது 38. இணையத்தில் கிடைத்த கேள்வித்தாளை நிரப்பியதில் 'யாங் குறைந்த உடல்வாகு', அதாவது உடம்புக்குச் சூடு தரும் ஆற்றல் குறைந்தது, என்று வந்ததாம். அதற்குரிய மாத்திரையை ஆன்லைனில் வாங்கிச் சாப்பிட்டால் தாம்பத்தியச் சோர்வு சரியாகுமா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். நான் மருத்துவன் இல்லை. ஆனால் இதே பாதையில் பாதி தூரம் போய்த் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை. 44 வயதில் உடம்பு கனக்கத் தொடங்கியது. எட்டு மணி நேரம் தூங்கினாலும் எழும்போது அடித்துப் போட்டதுபோல் இருக்கும். மனைவியிடம் 'வேலைக் களைப்பு' என்று சொல்லி எத்தனை இரவுகளைத்தான் தள்ளுவது? உடன் வேலை செய்யும் சீன நண்பரிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உனக்குச் சிறுநீரகம் பலவீனம், யாங் குறைந்துவிட்டது" என்றார். மறுநாள் கறுப்பு உருண்டைகள் அடங்கிய ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கையில் திணித்தார். பெயர் லியுவெய் திஹுவாங். ஆறு சரக்கு சேர்ந்த உருண்டை.

இந்த மருந்தின் கதையைப் பிறகு தெரிந்துகொண்டபோது சிரிப்பு வந்தது. சோங் பேரரசுக் காலத்தில் சியன் யீ என்ற குழந்தை வைத்தியர், உச்சிக்குழி மூடத் தாமதமாகும், வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகச் செய்தது அது. பழைய மருந்து ஒன்றிலிருந்து சூடு தரும் இரண்டு சரக்குகளை, பட்டையையும் நாவி என்ற நச்சு வேரையும், எடுத்துவிட்டுச் செய்தார். சூட்டை உருவிய அந்தப் பிள்ளை மருந்தை இன்று ஆண்கள் 'சிறுநீரகத்துக்கு நல்லது' என்று ஒரே மூச்சில் விழுங்குகிறார்கள். சீன மருத்துவக் கணக்கிலேயே அது யின், அதாவது உடம்பைக் குளிர்வித்து ஈரம் காக்கும் ஆற்றல், குறைந்தவர்களுக்கானது. யாங் குறைந்தவர்களுக்கானது அல்ல.

டப்பாவை முடிக்கும் முன் ஒரு சின்சேயைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: சீன வைத்தியரை இங்கே அப்படித்தான் சொல்வோம். இங்கே அவர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.) வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் கீழ்த்தளத்தில் சின்னக் கடை. உலர்ந்த ஆரஞ்சுத் தோலின் வாசனை. எழுபதைத் தொட்ட மனிதர், நாடி பார்க்கும் முன் 60 கேள்விகள் கொண்ட தாளை நீட்டினார். கடந்த ஓராண்டில் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்து, 'இல்லவே இல்லை'க்கு 1, 'எப்போதும்' என்றால் 5 என்று குறிக்க வேண்டும். மல்லாந்து சாய்ந்து சிரிக்க வைக்கும் கேள்விகளும் உண்டு: காரணமில்லாமல் பெருமூச்சு விடுகிறீர்களா? தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல், துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருக்கிறதா?

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். 'விதைப்பையில் ஈரம் கசகசக்கிறதா? (ஆண்கள் மட்டும்)'. உதவிக்கு இருந்த பெண் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார், அதனால் கூச்சம். சின்சே தாளைத் திருப்பிப் பார்த்து, பேனா முனையால் அந்தக் காலிக் கட்டத்தை இரண்டு முறை தட்டினார். 4 என்று எழுதினேன். இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் என்னிடம் கேட்காத கேள்வி. நானாகச் சொல்லவும் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்த ஒன்பது வகையும் ஆதிகாலம் தொட்டு அப்படியே வருவதாகப் பலர் எழுதுகிறார்கள். இல்லை. ஹுவாங்தி நெய்ஜிங் என்ற பழைய மருத்துவ நூல் மனிதர்களை 25 வகையாகப் பிரிக்கிறது. இன்றைய ஒன்பது வகை, பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வாங் சீ பல ஆண்டுகள் ஆய்ந்து வகுத்தது. 2009-இல் சீன மருத்துவச் சங்கம் அதைத் தரநிலையாக வெளியிட்டது. சமநிலை ஒன்று, மீதி எட்டும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தவை: சீ குறைவு, யாங் குறைவு, யின் குறைவு, கப ஈரம், ஈர வெப்பம், இரத்தத் தேக்கம், சீ தேக்கம், பிறவியிலேயே ஒவ்வாமை போன்ற தனித்தன்மை. சீ என்பதை நம் ஊர்க் கணக்கில் உயிர்க்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீன அரசின் அடிப்படைச் சுகாதாரத் திட்டத்திலேயே 33 கேள்விகள் கொண்ட சுருக்கமான தாள் உண்டு.

மதிப்பெண் போடுவது எளிது. ஒவ்வொரு வகைக்கும் உரிய கேள்விகளின் மதிப்பெண்களைக் கூட்டி, கேள்விகளின் எண்ணிக்கையைக் கழித்து, எண்ணிக்கையின் நான்கு மடங்கால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். 40-ம் அதற்கு மேலும் என்றால் அந்த வகை. 30 முதல் 39 வரை என்றால் அந்தப் பக்கச் சாய்வு. 30-க்குக் கீழ் என்றால் இல்லை. கப ஈரத்துக்கு எட்டுக் கேள்விகள், நான் வாங்கியது 24. 24-இல் 8 போக 16, அதை 32-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சரியாக 50. ஈர வெப்பம் 45-ஐத் தாண்டியது. நண்பர் அடித்துச் சொன்ன யாங் குறைவு? 28. சாய்வுகூட இல்லை!

சின்சே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். நண்பரின் டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தார். "உங்களுக்கு ஊட்டம் வேண்டாம். இருப்பதே வழியில்லாமல் நிற்கிறது" என்றார். அடைத்த சாக்கடையில் மேலும் தண்ணீர் ஊற்றுவதுபோல என்று உதவியாளர் தன் பங்குக்கு விளக்கினார். உவமை அவ்வளவு கௌரவமாக இல்லை. ஆனால் புரிந்தது.

ஆண்களுக்கு எது வந்தாலும் 'சிறுநீரகம் பலவீனம், யாங்கை ஏற்று' என்று பாய்கிறார்களே, அது ஏன்? சீன மருத்துவத்தின் சிறுநீரகம் நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பு மட்டுமல்ல. வளர்ச்சி, வித்து, எலும்பு, முடி, காது எல்லாவற்றுக்கும் அதுதான் முதல். நெய்ஜிங் ஆணின் வாழ்வை எட்டெட்டு ஆண்டுகளாக எண்ணுகிறது: 16-இல் வித்து, 32-இல் உச்சம், 40-இல் முடி உதிரத் தொடங்கும், 64-இல் பல்லும் முடியும் போகும். இதைக் கேட்ட எந்த நாற்பது வயது ஆணும் கலங்கத்தான் செய்வான். அந்தக் கலக்கத்துக்குச் சீனாவில் 'ஷென்குய்' என்றே பெயர். வித்து வீணாவதால் உடம்பே கரைந்துபோகிறது என்ற பயம். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு முறை லாட்ஜில் அறை போட்டு 'நரம்புத் தளர்ச்சி'க்கு வைத்தியம் பார்த்தவர்களின் விளம்பரங்களைப் படித்துத்தானே வளர்ந்தோம்? பயம் ஒன்றுதான், மொழி வேறு. சீனாவில் அதன் புதிய சின்னம் தெர்மாஸ் பிளாஸ்க்கும் அதில் மிதக்கும் கோஜிப் பழமும். 2017-இல் பழைய ராக் இசைக்கலைஞர் ஒருவர் பிளாஸ்க்கும் கையுமாகப் படத்தில் சிக்கி, நாடே சிரித்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், வாங் சீ இந்த உடல்வாகு வகைகளுக்கு மட்டுமல்ல, நவீனச் சீன ஆண் மருத்துவத்துக்கும் முன்னோடி என்பது. விறைப்பின்மை என்றதும் சிறுநீரகத்தையே பிடித்துத் தொங்காமல் கல்லீரலைப் பார்க்கச் சொன்னவர். கல்லீரலின் நாடிப்பாதை பிறப்புறுப்பைச் சுற்றிச் செல்கிறது என்பது பழைய நூல்களின் கூற்று. மனக்குமைச்சலும் அடக்கிய கோபமும் கல்லீரலின் சீயைத் தேக்கும் என்பதும் அவர்கள் கணக்கு. எளிய தமிழில் சொன்னால்: வீட்டுக் கடன், மேலாளரின் ஏச்சு, போன முறை தோற்ற பயம். இவற்றோடு படுக்கைக்குப் போகிறவனுக்கு யாங்கை ஏற்றும் மான்கொம்பு என்ன செய்யும்?

ஆனால் என் சின்சே செய்ததிலேயே பெரிய காரியம் மருந்து தந்தது அல்ல. "பலதுறை மருந்தகத்துக்குப் (பாலிகிளினிக்) போய் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துவிட்டு வாருங்கள், அதன் பிறகுதான் பொட்டலம்" என்று திருப்பி அனுப்பியது. போனேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.1. நல்ல சர்க்கரை நோய். எனக்கே தெரியாமல் எத்தனை காலமாக இருந்ததோ. அங்கே டாக்டர் சொன்னது இன்னும் உறைத்தது. ஆணுறுப்புக்குப் போகும் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகலானவை. அதனால் இரத்தக் குழாய்க் கேடு அங்கே முதலில் தலைகாட்டலாம், இதயம் முறையிடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே. நான் மறைத்துக்கொண்டு திரிந்தது ஓர் எச்சரிக்கை மணியை.

இப்போது ஆன்லைன் மாத்திரை. 2008-இல் இதே சிங்கப்பூரில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சர்க்கரை அதல பாதாளத்துக்கு இறங்கி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். நான்கு பேர் இறந்தார்கள். பலர் விழுங்கியிருந்தது கள்ளத்தனமாக விற்ற 'மூலிகை' வீரிய மாத்திரைகளை. உள்ளே இருந்தது வயாக்ராவில் உள்ள சில்டெனாஃபிலும், சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடும். மூலிகை என்ற பெயரோடு வருவதில் என்ன இருக்கிறது என்பது டப்பாவைப் பார்த்தால் தெரியாது. இதயத்துக்கு நைட்ரேட் எடுப்பவர் உடம்பில் இப்படி ஒளிந்து வரும் சில்டெனாஃபில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

கலப்படம் இல்லாவிட்டாலும் போதாது. ஈர வெப்பத்துக்கு, நான் 4 போட்ட அதே கசகசப்புக்கும் சேர்த்து, லோங்தான் ஷியேகான் என்ற புகழ்பெற்ற மருந்து ஒன்று உண்டு. அதில் சேரும் மூதோங் என்ற கொடிக்குப் பதிலாக, நம் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடியைப் பல காலம் போட்டு வந்தார்கள். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பது, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குவது. 2003-இல்தான் சீன அரசு அந்தக் கொடியை நீக்கியது. வகையைச் சரியாகப் பிடித்து, வகைக்குரிய மருந்தையே சாப்பிட்டு, நிஜமான சிறுநீரகத்தைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள்.

கேள்வித்தாளைப் பற்றி என் கருத்து: நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அது இல்லை. என் 50 மதிப்பெண்ணில் சர்க்கரை நோய் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. சில கேள்விகள் இரண்டு வகைகளில் எண்ணப்படுகின்றன. குளிர் தாங்குமா என்ற கேள்வி பனிக்காலம் உள்ள ஊருக்கானது. இங்கே குளிர்பதன அறையில் உட்கார்ந்திருப்பவன் எல்லாம் யாங் குறைந்தவன் ஆகிவிடுவான். உங்களுக்கு வந்த முடிவிலும் அலுவலக ஏசியின் பங்கு எவ்வளவு என்று யோசியுங்கள். ஆனாலும் கேட்கக் கூசுவதையும் சொல்லக் கூசுவதையும் அந்தத் தாள் கேட்டுவிடுகிறது. 'ஆண் என்றால் யாங் மருந்து' என்ற குருட்டுப் பழக்கத்தை அதே மருத்துவ முறைக்குள்ளிருந்தே மறுக்கிறது. அந்த அளவுக்கு எனக்கு அதன்மேல் மரியாதை.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம், தேவைப்பட்டால் காலையில் எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன். குறட்டை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதன் பிறகும் சீன மருத்துவம் வேண்டும் என்றால் பதிவு பெற்றவரிடம் நேரில் போங்கள். இரண்டு பக்க மருந்துகளையும் இரண்டு பேரிடமும் காட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஒரு பக்கம் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், மறுபக்கம் ஆரஞ்சுத் தோலும் தாமரை இலையும் சேர்ந்த கஷாயம், இரவு வேலையிலிருந்து பகலுக்கு மாற்றம், தினமும் ஒரு மணி நேர நடை. எது எவ்வளவு வேலை செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எட்டு மாதத்தில் 91 கிலோ 83 ஆனது. மனைவியிடம் களைப்பு என்று சொல்வதும் குறைந்திருக்கிறது.

போன மாதம் மறுபடியும் அதே 60 கேள்விகள். இந்த முறை எந்தக் கட்டத்தையும் காலியாக விடவில்லை. கப ஈரம் 50-இலிருந்து 31-க்கு இறங்கியிருந்தது. யாங் குறைவு 28-இலிருந்து 32-க்கு ஏறியிருந்தது. நண்பர் சொன்னது கடைசியில் பலித்துவிட்டதே என்று பதறிப்போய்க் கேட்டேன். சின்சே சிரித்தார். "கொழுப்புச் சட்டையைக் கழற்றிவிட்டீர்கள், குளிரத்தான் செய்யும். ஏசியை 25-இல் வையுங்கள்" என்றார்.