பிகாஸ், ஸோ, ஸோ தட்: நீங்கள் கேட்டவை

காரணம், நோக்கம், விளைவு சொல்லும் ஆங்கில இணைப்புச் சொற்களில் எது இடறுகிறது என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி ‘பிகாஸ்’ பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், “பிகாஸ் இட் வாஸ் ரெயினிங், ஸோ ஐ டிட் நாட் கம்” என்று மெயில் எழுதினேன். மேனேஜர் ‘ஸோ’வை அடித்துவிட்டார். என்ன தப்பு?

மேனேஜர் செய்தது சரி. ‘பிகாஸ்’ காரணத்தின் தலையில் உட்காரும், ‘ஸோ’ விளைவின் தலையில். இரண்டில் ஒன்று இருந்தாலே வாக்கியம் கட்டுண்டுவிடும். பேச்சில் நாம் “ஏன்னா மழை பெஞ்சுது, அதனால வரல” என்று இரண்டையும் போடுவோம், காதுக்கு உறுத்தாது. ஆங்கிலத்தில் உறுத்தும். ‘ஆல்தோ’ போட்டுவிட்டு நடுவில் ‘பட்’ போடுவதும் இதே கதைதான்.

அண்ணா, பொண்ணு பத்தாவது படிக்கிறாள். ‘பிகாஸ்’ எங்கே, ‘பிகாஸ் ஆஃப்’ எங்கே என்று எத்தனை தடவை சொன்னாலும் மாற்றி எழுதுகிறாள்.

அவளைத் திட்டாதீர்கள் அக்கா, குழப்பம் தமிழிலிருந்து வருகிறது. “மழையால்”, “மழை பெய்ததால்” இரண்டுக்கும் கடைசியில் ‘ஆல்’தான். பெய்தது என்பதையே ஒரு பெயராக்கி அதன்மேல் வேற்றுமை உருபை ஒட்டிவிடுகிறோம். ஆங்கிலம் அப்படி ஒட்டாது. வெறும் பெயர் வந்தால் “பிகாஸ் ஆஃப் த ரெயின்”; எழுவாயும் வினையும் சேர்ந்து வந்தால் “பிகாஸ் இட் ரெயின்ட்”. ‘டியூ டு’வும் ‘பிகாஸ் ஆஃப்’ போலத்தான். “டியூ டு ஹி வாஸ் ஸிக்” என்று எழுதினால் மார்க் போய்விடும்.

‘ஸோ தட்’ என்பதும் ‘ஸோ… தட்’ என்று பிரிந்து வருவதும் ஒன்றா ஐயா? அகராதி பார்த்தும் தெளியவில்லை.

ஒன்றல்ல. வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முதலில் தமிழைப் பாருங்கள். “மழை பெய்ய நெல் விளைந்தது”, “நெல் விளைய மழை பெய்தது.” பெய்ய, விளைய இரண்டுமே ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம். முதலாவது காரணம், இரண்டாவது காரியம் என்று நம் இலக்கணக்காரர்கள் அன்றே பிரித்துவைத்தார்கள். ஆனாலும் உருபு ஒன்றுதான், பொருளை நாமே ஊகித்துக்கொள்கிறோம். ‘படி’யும் அப்படித்தான். “எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்” என்றால், கேட்க வேண்டும் என்று பேசினாளா, அவள் பேசியது கேட்டதா? இரண்டையும் தமிழ் தாங்கிக்கொள்கிறது.

ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். “ஷி ஸ்போக் லவுட்லி ஸோ தட் எவ்ரிஒன் குட் ஹியர்” என்றால் அது நோக்கம். மைக் செத்துப்போய் ஒருவருக்கும் கேட்காமல் போயிருந்தாலும் வாக்கியம் பொய்யாகாது. “ஷி ஸ்போக் ஸோ லவுட்லி தட் எவ்ரிஒன் ஹேர்ட்” என்றால் அது விளைவு, எல்லோர் காதிலும் விழுந்தேவிட்டது. நோக்கத்தில் வினைக்கு முன் ‘கேன்’, ‘வில்’, ‘குட்’, ‘வுட்’ மாதிரி ஒரு துணைவினை பெரும்பாலும் நிற்கும். விளைவில் நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். சந்தேகம் வந்தால் “எதற்கு?” என்று கேளுங்கள். பதில் பொருந்தினால் நோக்கம். “அதனால் என்ன ஆச்சு?” என்பதற்குப் பொருந்தினால் விளைவு.

பெயர்ச்சொல் குறுக்கே வந்தால் ‘ஸோ’ பெரும்பாலும் ‘ஸச்’ ஆகும்: “ஸச் எ லவுட் வாய்ஸ் தட்…”

“ஐ கேம் ஃபார் ஸீயிங் யூ” என்றால் என்ன குறை? ‘பார்ப்பதற்காக’ என்பது அதுதானே?

எழுத்துக்கு எழுத்து அதுதான், வம்பும் அதுதான். ஒருவர் எதற்காக ஒன்றைச் செய்தார் என்பதற்கு ‘டு’ போதும்: “ஐ கேம் டு ஸீ யூ.” அலுவல் கடிதமென்றால் ‘இன் ஆர்டர் டு’. ‘ஃபார்’ போட்டு ‘இங்’ சேர்ப்பது பொதுவாக ஒரு பொருளின் பயனைச் சொல்ல: “எ நைஃப் ஃபார் கட்டிங் வெஜிடபிள்ஸ்.” கத்திக்குச் சரி, உங்களுக்குச் சரியில்லை.

‘டூ… டு’ வாக்கியத்தை ‘ஸோ… தட்’ ஆக மாற்றினேன். அர்த்தம் சரியாக இருந்தும் அரை மார்க் குறைத்துவிட்டார்கள்.

அனேகமாக ‘இட்’ விட்டுப்போயிருக்கும். “த டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்” என்பதில் கடைசியில் ‘இட்’ வராது. மாற்றும்போது “ஸோ ஹாட் தட் ஐ கான்ட் டிரிங்க் இட்” என்று வந்தே ஆக வேண்டும். ‘டூ’வுக்குள் ஒளிந்திருந்த ‘முடியாது’ம் ‘கான்ட்’ ஆக வெளியே வந்திருப்பதைப் பாருங்கள்.

லீவ் லெட்டரில் “ஆஸ் ஐ ஆம் ஸஃபரிங் ஃப்ரம் ஃபீவர்” என்றே எல்லோரும் எழுதுகிறோம். ‘பிகாஸ்’ போடக் கூடாதா?

தாராளமாகப் போடலாம். ‘ஆஸ்’, ‘சின்ஸ்’ இரண்டும் காரணத்தை லேசாகத் தொட்டுவிட்டு விஷயத்துக்குப் போகும். ‘பிகாஸ்’ காரணத்தையே அழுத்தும். “ஏன் லேட்?” என்று நேராகக் கேட்டால் மட்டும் ‘பிகாஸ்’தான், அங்கே ‘சின்ஸ்’ ஒட்டாது. இன்னொன்று, ‘சின்ஸ்’ காலத்தையும் காட்டும். “சின்ஸ் ஷி லெஃப்ட் த ஜாப், ஷி ஹாஸ் பீன் ஹேப்பி” என்றால் வேலையை விட்டதிலிருந்தா, விட்டதாலா? அந்த மாதிரி இடத்தில் காரணம்தான் சொல்ல வேண்டுமென்றால் நான் ‘பிகாஸ்’ போட்டுவிடுவேன்.

‘லெஸ்ட்’ இப்போதும் புழக்கத்தில் உண்டா?

பேச்சில் அபூர்வம். போர் நினைவுச் சின்னங்களில் “லெஸ்ட் வி ஃபர்கெட்” என்று பார்த்திருப்பீர்கள், மறந்துவிடாதபடிக்கு என்று பொருள். ‘இல்லை’ அதற்குள்ளேயே இருப்பதால் பின்னால் ‘நாட்’ சேர்க்காதீர்கள். அன்றாடத்துக்கு ‘ஸோ தட்… டோன்ட்’ போதும்.

தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் “ஐ டிட் நாட் மேரி ஹிம் பிகாஸ் ஹி வாஸ் ரிச்” என்று அனுப்பினாள். கல்யாணம் நடந்ததா, இல்லையா?

வாக்கியத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பணக்காரர் என்பதால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கட்டிக்கொண்டு, “பணத்துக்காக இல்லை” என்று சொல்வதாகவும் இருக்கலாம். ‘நாட்’ எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் சிக்கல். நடக்கவில்லை என்றால் “பிகாஸ் ஹி வாஸ் ரிச்” என்பதை முன்னால் கொண்டுவந்து கமா போட்டிருக்கலாம். நடந்தது என்றால் “ஐ மேரிட் ஹிம், பட் நாட் பிகாஸ் ஹி வாஸ் ரிச்.” தோழிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.