புலி ஆய்வுக்காகக் காட்டில் வேலை செய்வது எப்படி இருக்கும்? தினமும் புலியைப் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. மூன்று ஆண்டுகள் ஒரு புலிகள் காப்பகத்தில் கள உதவியாளராக இருந்தேன். முதல் ஆண்டு முழுக்க நேரில் பார்த்தது இரண்டே முறை. அதிலும் ஒருமுறை, புதருக்குள் மறைகிற முதுகு மட்டும்தான். ஆனால் அந்தக் காட்டில் இருந்த புலிகளில் பாதியையாவது வரி பார்த்தே அடையாளம் சொல்லியிருப்பேன். நேரில் பார்க்காமலே தெரிந்துகொள்வதுதான் இந்த வேலை.

முன்பெல்லாம் காலடித் தடத்தை வரைந்தெடுத்துப் புலிகளை எண்ணினார்கள். 2004 கணக்கில் புலிகள் இருப்பதாகச் சொல்லப்பட்ட ராஜஸ்தானின் சரிஸ்காவில், அடுத்த ஆண்டு தேடியபோது ஒன்றுகூட இல்லை. அதன் பிறகுதான் நாடு முழுவதும் முறை மாறியது. புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990-களிலேயே கர்நாடகாவின் நாகரஹொளே காட்டில் தானியங்கி கேமராக்களை வைத்துச் செய்து காட்டிய வழி அது. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. படத்தில் விழுந்த புலிகள் மறுபடி எத்தனை முறை விழுகின்றன என்பதைக் கொண்டு, விழாமல் போனவை எத்தனை இருக்கும் என்று கணக்கிடலாம்.

பாதையின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு கேமராக்களை முழங்கால் உயரத்தில் மரத்தில் கட்டுவோம். ஏன் இரண்டு என்று நானும் முதலில் கேட்டேன். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் கிடைத்தால் ஒரே புலியை இரண்டு புலிகளாக எண்ணிவிட வாய்ப்பிருக்கிறது. கட்டி முடித்ததும் ஒருவர் கேமராவுக்கு முன்னால் தவழ்ந்து போக வேண்டும். புலி உயரத்துக்கு அது சரியாகப் படம் பிடிக்கிறதா என்று பார்க்கத்தான். முன்னால் நிற்கும் புல்லைச் சுத்தமாக அறுத்துவிட வேண்டும். ஒருமுறை நான் ஒரு கொத்தை விட்டுவிட்டேன். சூடான எதுவும் முன்னால் அசைந்தால் கேமரா தானாகப் படமெடுத்துவிடும்; வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடி ஆடியே மெமரி கார்டு நிரம்பிவிட்டது. அந்த வாரம் அந்தப் பாதையில் எந்தப் புலி போனது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

2018 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கிடைத்தவை ஏறக்குறைய 3.5 கோடிப் படங்கள். அதில் புலி இருந்தவை 76,651. அவற்றிலிருந்து தனித்தனியாக அடையாளம் கண்ட புலிகள் 2,461, மொத்த மதிப்பீடு 2,967. 2022-இல் அது 3,682 ஆனது. செய்தியில் நமக்கு வருவது அந்தக் கடைசி எண் மட்டும்தான்.

உண்மையில் எங்கள் நாட்களை அதிகம் எடுத்துக்கொண்டது மான்தான். ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய இரைவிலங்குகள் வேண்டும். அப்படியென்றால் அதற்குப் பின்னால் ஏறக்குறைய 500 விலங்குகள் உயிரோடு நின்று பெருகிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் விடிந்தும் விடியாத நேரத்தில் நேர்கோட்டுப் பாதையில் சத்தமில்லாமல் நடந்து புள்ளிமான், கடமான், காட்டுமாடு எல்லாவற்றையும் எண்ணுவோம். எத்தனை, எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் என்று ஒவ்வொன்றும் குறிப்பேட்டில் ஏறும். புலியின் எச்சத்தையும் சேகரிப்போம். அதைச் சல்லடையில் அலசினால் மிஞ்சும் மயிரை நுண்ணோக்கியில் வைத்தால் என்ன தின்றது என்று தெரியும். மான் இல்லாத காட்டில் புலியை மட்டும் காப்பாற்ற வழியே இல்லை என்று எனக்குப் புரிந்தது அந்தச் சல்லடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான்.

இதற்குப் படிக்க விரும்பினால் டேராடூனில் இந்திய வனவுயிர் நிறுவனம் இருக்கிறது. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் படிக்கலாம். புள்ளியியலை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள், பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

மீதிப் பாதியை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர். அந்தக் காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் கார்டு மாற்றப் போகும்போது, எனக்கு முன்னால் நடந்தவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். "சார், கால எடுத்து வைக்காதீங்க." எனக்கு உண்ணிச்செடிதான் தெரிந்தது. அவர் குனிந்து தழையை விலக்கினார். பைக் கிளட்ச் கம்பியில் போட்ட சுருக்கு. மானுக்காக வைத்தது. ஆனால் அந்தப் பாதையில்தான் எங்கள் பெண்புலி ஒன்று குட்டிகளோடு நடந்துகொண்டிருந்தது. முந்தின வாரம்தான் படத்தில் பார்த்திருந்தேன். அவர் கம்பியை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். நான் இடத்தைக் குறித்துக்கொண்டேன். இருபது அடி தள்ளி இன்னொன்று இருந்தது.