பழைய பாக்ஸ்டர் வாங்குகிறேன்: டர்போ இல்லாத 2.7 எஞ்சினா, டர்போ வைத்த 2.0 எஞ்சினா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நீங்கள் ராணிப்பேட்டையில் வசிக்கிறீர்கள். அன்றாட வேலைகளுக்கு வேறு கார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏலகிரி வரையிலும், எப்போதாவது பெங்களூரு வரையிலும் ஓட்டுவதற்காக போர்ஷே பாக்ஸ்டர் என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வாங்க எண்ணுகிறீர்கள். உங்கள் முன் இரண்டு கார்கள் உள்ளன. ஒன்று 2015ஆம் ஆண்டின் 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாதது. மற்றொன்று 2017ஆம் ஆண்டின் 718 பாக்ஸ்டர், 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) வைத்தது. இரண்டிலும் பிடிகே தானியங்கி கியர்பெட்டிதான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்கினால் பத்து ஆண்டுகளாவது வைத்திருப்பேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 2.7 ஐ எடுப்பேன். ஆனால், டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஆதரவாக வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை, அதாவது உச்சச் சுற்றில் அது பாடும் பாட்டை, நான் முதன்மைக் காரணமாகக் கொள்ளவில்லை. அந்தப் பாட்டைக் கேட்பதற்கு நம் சாலைகளில் இடமே கிடையாது. இரண்டாம் கியரை முழுவதும் இழுத்தாலே இந்தக் கார் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும். மூன்றாம் கியரை இழுத்து முடிப்பவருக்கு நெடுஞ்சாலைக் கேமரா அபராதச் சீட்டு அனுப்பும்.

நான் பணிக்காலம் முழுவதையும் சிப்காட்டில் ஓர் ஆலையின் எஞ்சின் சோதனைப் பிரிவில் கழித்தவன். ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் என் மைத்துனரிடம் இதே 2.7 இருக்கிறது, என்னோடு வேலை பார்த்துப் பின்பு பெங்களூருவுக்குப் போன நண்பர் ஒருவரிடம் 718 இருக்கிறது. இரண்டையும் ஒரே மலைச்சாலையில், ஒரே பருவத்தில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. எனவே, படித்ததோடு பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் எண்கள். பழைய 2.7 எஞ்சின் நிமிடத்துக்கு 6,700 சுற்றில் (ஆர்பிஎம்) 265 குதிரைத்திறனும், 4,500 முதல் 6,500 வரையிலான சுற்றில் 280 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. 718 இன் 2.0 எஞ்சின் 300 குதிரைத்திறனும், வெறும் 1,950 சுற்றிலிருந்தே 380 நியூட்டன் மீட்டரும் தருகிறது. நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரத்திலும் டர்போ வண்டி முக்கால் நொடிக்கு மேல் முந்திவிடுகிறது. காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. கொள்ளளவு ஏறக்குறைய கால் பங்கு குறைந்தும் எல்லாவற்றிலும் கூடுதல். கார் விற்பவர் இந்த எண்களைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார்.

அவர் சொல்லாமல் விடும் எண் அழுத்த விகிதம். 2.7 எஞ்சின் சிலிண்டருக்குள் இருக்கும் காற்று, பெட்ரோல் கலவையைப் பன்னிரண்டரை மடங்கு அழுத்துகிறது. டர்போ எஞ்சினோ ஒன்பதரை மடங்குதான் அழுத்துகிறது. டர்போ ஏற்கெனவே காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், அதற்கு மேல் சிலிண்டருக்குள்ளும் அதிகமாக அழுத்தினால் கலவை நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இதன் விளைவு என்னவென்றால், டர்போவின் விசிறி வேகம் எடுக்காத தருணங்களில் உங்களிடம் இருப்பது குறைந்த அழுத்த விகிதம் கொண்ட, சாதுவான ஒரு இரண்டு லிட்டர் எஞ்சின் மட்டுமே. 380 நியூட்டன் மீட்டர் என்பது 1,950 சுற்றுக்கு மேல், அதுவும் வெளியேறும் புகை விசிறியைச் சுழற்றி, அழுத்தம் ஏறிய பிறகு கிடைப்பது. அதற்கு முந்தைய அந்தச் சிறிய இடைவெளியை விளம்பர அட்டவணை காட்டுவதில்லை.

அந்த இடைவெளி எங்கே தெரியும் என்றால், நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போக விரும்பும் அதே ஏலகிரிச் சாலையில்தான் தெரியும். மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து ஏறும்போது வரும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள்; எந்த வளைவு யாருடையது என்று படிக்கும் நிதானத்தோடு ஏறுவதுதான் அந்தச் சாலைக்குப் பொருத்தம். வளைவின் உள்முனையில் வேகம் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். சாதாரண ஓட்டுமுறையில் பிடிகே அங்கே இரண்டாம் கியரைத் தேர்ந்தெடுக்கும். எஞ்சின் ஏறக்குறைய 1,500 சுற்றில் இருக்கும். இப்போது சக்கரத்தைப் பாதி நேராக்கிக்கொண்டே ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துகிறீர்கள்.

718 இல் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. போதவில்லை என்று காலை இன்னும் சற்று அழுத்துவீர்கள். அதே கணத்தில் கியர்பெட்டி ஒரு கியர் இறங்கும், டர்போவின் அழுத்தமும் ஏறும். இரண்டும் சேர்ந்து, நீங்கள் கேட்டதைவிட மூன்று மடங்கு இழுவை, சக்கரம் இன்னும் முழுவதும் நேராகாத நிலையில், பின்சக்கரங்களுக்கு வந்து சேரும். காரின் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு பார்த்துக்கொள்ளும். ஆபத்து என்று மிகைப்படுத்த மாட்டேன். ஆனால், எதிரே அரசுப் பேருந்து இறங்கிவரும் வளைவில் அந்த உணர்வு எனக்கு உவப்பாக இல்லை. ஸ்போர்ட் ஓட்டுமுறைக்கு மாற்றினால் இது பெருமளவு குறைகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அப்போது கியர்பெட்டி சுற்றை மேலேயே பிடித்து வைக்கிறது. காலை எடுத்த பிறகும் டர்போ தளர்ந்துவிடாதபடி எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியும், காற்று நுழையும் கதவான த்ராட்டிலை ஓரளவு திறந்தே வைத்திருக்கிறது. போர்ஷே இதற்காக மெனக்கெட்டிருக்கிறது. ஆனாலும் அது குறையை மறைக்கும் வேலைதான்.

அதே வளைவில் 2.7 செய்வது மிகவும் சாதாரணமான காரியம். காலை அரை அங்குலம் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு உரிய இழுவை உடனே வருகிறது. ஓர் அங்குலம் அழுத்தினால் ஓர் அங்குலத்துக்கு உரியது வருகிறது. இழுவை அதிகம் என்று சொல்ல முடியாது. முழு வேகத்தில் ஏற விரும்பினால் முதல் கியருக்கு இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால், காலுக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள அந்தக் கணக்கு எந்தச் சுற்றிலும், எந்தக் கியரிலும் மாறுவதில்லை. இதை அனுபவிக்க 7,000 சுற்று தேவையில்லை, சட்டத்தை மீறும் வேகமும் தேவையில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் வேகத்தடைக்குப் பின் மெதுவாக எடுக்கும்போதும் அது கிடைக்கிறது. நான் 2.7 ஐத் தேர்ந்தெடுப்பதற்கு முதற்காரணம் இதுவே.

நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழ். வாலாஜாவைத் தாண்டி கிருஷ்ணகிரி வரை நீளும் சாலையில், பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, தடங்களை அடைத்துக்கொண்டு லாரிகள் இணையாகப் போய்க்கொண்டிருக்கும்; அவற்றில் ஒன்று விலகும்வரை எண்பதில் காத்திருந்து, விலகியதும் நூறுக்கு ஏற வேண்டும். ஏழாம் கியரில் நூறு கிலோமீட்டர் வேகத்திலேயே எஞ்சின் 2,000 சுற்றுக்குக் கீழேதான் இருக்கும் என்பதால், 2.7 இல் அந்த ஏற்றத்துக்குக் கியர்பெட்டி மூன்று கியர் இறங்க வேண்டியிருக்கிறது. அது இறங்கும்போது எஞ்சின் கத்துகிறது, பக்கத்து இருக்கையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். 718 ஒரு கியர், இரண்டு கியர் இறங்கி, அமைதியாகப் போய்விடுகிறது. மாதத்துக்கு நான்கு முறை பெங்களூரு போகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், தயங்காமல் டர்போவை எடுங்கள் என்று எழுதியிருப்பேன்.

வெயிலைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். நம் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். வேலூர்ப் பகுதியில் மே மாதம் 42 டிகிரி என்பது செய்தியே அல்ல. எஞ்சின் சோதனை மேடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: காலை ஷிப்டில் ஒரு திறனைக் காட்டிய எஞ்சின் பிற்பகல் ஷிப்டில் அதைக் காட்டாது. அதனால்தான், அளந்த திறனை 25 டிகிரி வெப்பத்துக்கும் 99 கிலோபாஸ்கல் காற்றழுத்தத்துக்கும் மாற்றிக் கணக்கிடும் பன்னாட்டுச் சூத்திரம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினுக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், 42 டிகிரியில் இழப்பு மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். உயரத்தால் வரும் இழப்பு இதைவிடப் பெரிது. ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏலகிரியின் மேல்தளத்தில், டர்போ இல்லாத எஞ்சின் தன் திறனில் எட்டில் ஒரு பங்கை இழந்துவிடும். டர்போ எஞ்சினோ விசிறியைக் கூடுதலாகச் சுழற்றி அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிக்கொள்ளும். ஆக, வெயிலும் மலையும் டர்போவுக்கு எதிரி என்று பொதுவாகச் சொல்வது பாதிதான் உண்மை. உயரத்தில் அதுவே கெட்டிக்காரன்.

மீதிப் பாதி உண்மை, வேகமாகப் போகும்போது தெரியாது, நின்றுகொண்டிருக்கும்போது தெரியும். வேலூர் கிரீன் சர்க்கிளில் பிற்பகல் நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஏசி முழுவதும் ஓடிக்கொண்டிருக்க, காற்றோட்டமே இல்லாமல் ஊர்ந்த பிறகு, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அதைச் சுற்றியுள்ள நீரும் சூடேறிவிடும். அதன்பின் கிடைக்கும் முதல் காலி இடத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், சூடான காற்றில் எஞ்சின் தட்டிவிடக் கூடாது என்று கணினி தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளும். வண்டி மந்தமாகத் தோன்றும். ஓரிரு கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும். பன்னிரண்டரை மடங்கு அழுத்தும் 2.7 எஞ்சினும் இந்தத் தட்டலுக்கு விதிவிலக்கு அல்ல என்பதால், இரண்டுக்குமே உயர் ஆக்டேன் பெட்ரோலைத்தான் போட வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், எவ்வளவு எத்தனாலை அந்த ஆண்டு மாடல் ஏற்கும் என்பதைப் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் பார்த்துவிடுங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரே வரி: ஆறு சிலிண்டரின் குரல் காதுக்கு இனியது, நான்கு சிலிண்டரின் குரல் கரகரப்பானது, இதில் எனக்கு எதிர்க்கருத்து சொன்னவர் யாரையும் நான் சந்திக்கவில்லை.

பத்து ஆண்டு வைத்திருப்பது என்பதுதான் என் இரண்டாவது காரணம். டர்போ என்பது பழுதாகியே தீரும் பொருள் அல்ல. ஆனால், கொதிக்கும் புகையில் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஒரு தண்டு, அதற்கான எண்ணெய்க் குழாய்கள், நீர்க் குழாய்கள், இன்டர்கூலர், அழுத்தத்தைத் திறந்துவிடும் கதவு என்று, 2.7 இல் இல்லவே இல்லாத உறுப்புகள் பல அதில் உள்ளன. எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் மூடிய அறையில் இருப்பதால் ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகள் வெப்பத்தில் மூப்படைவது கூடுதலாகவே இருக்கும். காட்பாடியில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், ஆனால் இந்தக் காருக்கான கணினியும் உதிரிபாகமும் அவர்களிடம் இருக்காது. எதற்கும் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ சமதள லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். பழுதாக வாய்ப்புள்ள உறுப்பு ஒன்று குறைந்தால் அந்த லாரி வாடகையும் குறைகிறது.

இன்னொரு செய்தி, விலை மலிவு என்று யாராவது 2009க்கு முந்தைய பாக்ஸ்டரைக் காட்டினால் உதவும். அந்தத் தலைமுறை எஞ்சின்களில், வால்வுகளை இயக்கும் தண்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இடைத்தண்டின் பேரிங் உடைந்து எஞ்சினே வீணாவது அறியப்பட்ட குறை. 2009 மாடலிலிருந்து வந்த புதிய எஞ்சினில் அந்த இடைத்தண்டே கிடையாது. உங்கள் 2015ஆம் ஆண்டு வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

718 இன் பக்கம் நிற்கும் நியாயங்களையும் மறைக்கவில்லை. அதன் ஸ்டீயரிங் இன்னும் நேரடியானது, பிரேக்குகள் பெரியவை, இரண்டு ஆண்டு இளையது. பணம் கூடுதலாக இருந்து 718 எஸ் கிடைத்தால் நான் மறுபடி யோசிப்பேன். அதன் 2.5 எஞ்சினில், குறைந்த சுற்றிலும் விசிறி விரைவில் வேகமெடுக்கும்படி புகை பாயும் இடைவெளியை மாற்றிக்கொள்ளும் டர்போ இருக்கிறது; கொண்டை ஊசி வளைவில் நான் குறைசொன்ன அந்தத் தயக்கம் அதில் கணிசமாகக் குறைவு. போர்ஷேவே 2020இல் 718 ஜிடிஎஸ் வண்டிக்கு டர்போ இல்லாத நான்கு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திரும்பக் கொண்டுவந்தது. அது கிடைத்தால் இந்தக் கேள்வியே எழாது. விலையைக் கேட்டால் வேறு கேள்விகள் எழும்.

வாங்கும் முன் இரண்டு வண்டியையும் காலை நேரத்தில் ஓட்டிப் பார்க்காதீர்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு, ஊருக்குள் அரைமணி நேரம் ஊர்ந்த பிறகு, சாதாரண ஓட்டுமுறையிலேயே வைத்து, மெதுவான வளைவு ஒன்றிலிருந்து பாதிக் காலில் எடுத்துப் பாருங்கள். எஞ்சின் எத்தனை முறை எல்லைக்கு மேல் சுழற்றப்பட்டது என்ற பதிவைக் காரின் கணினியிலிருந்து எடுத்துத் தரும்படி சேவை மையத்தில் கேளுங்கள். 718 ஐத்தான் எடுப்பது என்று முடிவானால், எண்ணெய் மாற்றிய தேதிகளும் கிலோமீட்டர்களும் உள்ள முழுப் பதிவேடு இல்லாத வண்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.