ஓசூர் வேலை: 18,000-ல் கைக்கு எவ்வளவு வரும்?

அம்மா, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த உங்கள் பையனுக்கு ஓசூரில் மாதம் 18,000 ரூபாய்க்கு வேலை வந்திருக்கிறது, தர்மபுரியிலிருந்து அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூரில் ஐ.டி.யில் வாங்குவதை நினைத்து உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்பதும் புரிகிறது. அந்த ஒப்பீட்டை இப்போதைக்கு விடுங்கள்.

ஊரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் பல வருடங்களாக ஓடுகிற ஊர். இப்போது ஏத்தர், டாடா எலெக்ட்ரானிக்ஸ் வேறு. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு கம்பெனிகளும் நிறைய.

சரி, சம்பளத்துக்கு வருவோம். 18,000 என்பது மொத்தச் சம்பளமா, சி.டி.சி.யா, அதாவது கம்பெனி அவனுக்காகச் செய்யும் முழுச் செலவா? மொத்தச் சம்பளம்தான், அதில் அடிப்படை 12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படையில் 12 சதவீதம், 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு மொத்தத்தில் 0.75 சதவீதம், 135 ரூபாய். இவை இரண்டும் போகக் கைக்கு வருவது 16,425. சி.டி.சி. என்றால் கம்பெனி கட்டும் பங்கும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். இன்னும் ஏறக்குறைய இரண்டாயிரம் குறையும். இ.எஸ்.ஐ.க்குப் போகும் 135 ரூபாயை நினைத்து வருந்தாதீர்கள். அவன் வருமானத்தை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. கேன்டீனும் கம்பெனி பஸ்ஸும் இருக்கிறதா என்று கேளுங்கள். அவை இல்லையென்றால் ரூம் வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு அனுப்ப அதிகம் மிஞ்சாது.

அடுத்து, என்ன பெயரில் எடுக்கிறார்கள்? அப்ரண்டிஸ் என்றால் அது சம்பளம் இல்லை, உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்குப் பொதுவாகக் கிடையாது. ஆனால் கையில் சான்றிதழோடு வருவான், அதற்கு மதிப்பு உண்டு. காண்ட்ராக்ட் என்றால் அவனுக்குச் சம்பளம் போடுபவர் ஒப்பந்தக்காரர். வாசலில் எந்தப் பெரிய பெயர்ப்பலகை இருந்தாலும் அவன் அந்தக் கம்பெனி ரோலில், அதாவது அதன் ஊழியர் பட்டியலில் இல்லை.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது, உள்ளே என்ன வேலை என்பது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த இரண்டு பையன்கள், ஒரே செட். ஒருவன் பெரிய ஆலையில் அசெம்பிளி லைனில் சேர்ந்தான். இரண்டு வருடம் அதே நான்கு போல்ட்டை முடுக்கினான். மற்றவன் ஆயிரத்து ஐந்நூறு குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை என்று சின்ன மெஷின் ஷாப்பில் சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆபரேட்டராகப் போனான். அங்கே ஆட்கள் குறைவு, அதனால் டூல் மாற்றுவது, டூலின் அளவைத் திருத்தி ஆஃப்செட் போடுவது, புரோகிராமைத் திருத்துவது எல்லாம் அவன் தலையில் விழுந்தது. இப்போது அவன் செட்டர், அதாவது மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுப்பவன். ஆபரேட்டருக்கும் செட்டருக்கும் சம்பள வித்தியாசம் எவ்வளவு என்று அங்கே வேலை பார்ப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். கோவைக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போனாலும் அந்த வேலை அவனுக்குக் கிடைக்கும். மெயின்டனன்ஸ், டூல் ரூம், குவாலிட்டி பிரிவுகளும் இப்படித்தான். தம்பிக்கு அவற்றில் ஒன்று கிடைக்கிறது என்றால் கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்கும் நான் சரி என்பேன்.

ஓ.டி.யை (கூடுதல் நேர வேலையை) நம்பி பட்ஜெட் போடாதீர்கள். சட்டப்படி இரட்டிப்புக் கூலி உண்டு, ஆனால் ஆர்டர் குறைந்த மாதத்தில் ஓ.டி.யே இருக்காது.

கம்பெனிக்குப் போன் செய்து கேட்க வேண்டியது மூன்று: சி.டி.சி.யா மொத்தமா, யார் ரோல், எந்தப் பிரிவு. நீங்கள் பேச வேண்டாம் அம்மா, தம்பியே பேசட்டும். பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளட்டும். அது வந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.