கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த கிறிஸ்தவர்களுக்கு “புராட்டஸ்டன்ட்” என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

முறைப்படி பதிவுசெய்த ஓர் ஆட்சேபத்திலிருந்து வந்தது. 1526-இல் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில் கூடிய புனித ரோமப் பேரரசின் மன்றம், மத விஷயத்தில் அந்தந்த ஆட்சியாளர் தம் பொறுப்பில் நடந்துகொள்ளலாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தது. 1529-இல் அதே ஊரில் மீண்டும் கூடியபோது, கத்தோலிக்கப் பெரும்பான்மை அந்த முடிவை ரத்து செய்தது. ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தர் தொடங்கிவைத்த திருச்சபைச் சீர்திருத்தத்தை ஏற்றிருந்த 6 ஆட்சியாளர்களும் 14 நகரங்களும் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆட்சேபம் என்று பொருள்படும் “புரோட்டஸ்டேஷன்” என்ற அந்த ஆவணத்தின் பெயரே அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது.

அவர்களின் வாதம் எளிமையானது: எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவைப் பெரும்பான்மை மட்டும் மாற்ற முடியாது, மனசாட்சி விஷயத்தில் ஒவ்வொருவரும் கடவுளுக்குத் தாமே பதில் சொல்ல வேண்டும். தெருவில் குழாய் எங்கே போடுவது என்பதைத் தெருக்காரர்கள் கைதூக்கி முடிவு செய்யலாம். உங்கள் வீட்டுப் பூஜையறையில் எந்தப் படம் மாட்டுவது என்பதையும் அப்படி முடிவு செய்தால் ஏற்பீர்களா?

மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதே 1529 மன்றம், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காமல் பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுத்த அனபாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவர்களுக்கு மரண தண்டனை விதித்தபோது, மனசாட்சி பேசிய இவர்களும் அதற்கு உடன்பட்டார்கள்.

1517-இல் லூத்தர் திருச்சபையின் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 95 கருத்துரைகளை வெளியிட்டபோதே இந்தப் பெயர் பிறந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது 12 ஆண்டுகள் கழித்து வந்தது, அந்த ஸ்பையர் கூட்டத்தில் லூத்தர் இருக்கவும் இல்லை.