குருத்து ஏன் கருகுகிறது? வீட்டுக்குள் வளரும் செடிகள்: கேள்வி பதில்

மணி பிளான்ட் இலைகளின் நுனி பழுப்பாகிறது. இதுதான் குருத்துக் கருகலா?

இல்லை. இலை நுனி வேறு, குருத்து வேறு. முதிர்ந்த இலைகளின் நுனி மட்டும் காய்ந்தால் பெரும்பாலும் உரத்தின் உப்பு தொட்டியில் தேங்கியிருக்கும். தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். தட்டில் வடிந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

ரப்பர் செடி கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூளில்) இருக்கிறது, ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன். புதிய இலை கொக்கிபோல் வளைந்து விளிம்பு கருகுகிறது, குருத்தும் பட்டுப்போகிறது. கீழ் இலைகள் பச்சையாகவே உள்ளன. யூரியா போடலாமா?

போடாதீர்கள். யூரியா தருவது தழைச்சத்து. அது குறைந்தால் முதலில் வெளுப்பது கீழ் இலைதான். கீழே பச்சை, மேலே கருகல் என்றால் கால்சியத்தைச் சந்தேகிக்க வேண்டும். பழைய இலைக்குப் போன கால்சியம் அங்கேயே தங்கிவிடும், கொழுந்துக்குத் திரும்பாது. உங்களிடம் அது இரண்டு வழியில் குறைகிறது: ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியம் அநேகமாக இல்லை. பதப்படுத்தாத கோகோபீட், இருக்கிற கால்சியத்தையும் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை விடுகிறது.

லிட்டருக்கு 1 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேரில் ஊற்றுங்கள். சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு ஒரே கரைசலில் சேர்த்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும், இரண்டுமே வீண். இன்னொன்று: கால்சியம் நீரோட்டத்தோடுதான் மேலே ஏறும். காற்றோட்டமே இல்லாத மூலையில் இலை நீரை ஆவியாக்காது. அங்கே எவ்வளவு போட்டும் குருத்துக்கு எட்டாது.

இலை தடித்து, மடக்கினால் நொறுங்கி, பக்க மொட்டுகளும் வரிசையாகச் சாகின்றன என்றால் போரான் குறைவாக இருக்கலாம். அதற்கு நுண்ணூட்டக் கலவை போதும். போரான் உப்பான போராக்ஸைக் கைக்கணக்கில் போடவே வேண்டாம், அளவு சற்று மீறினாலும் நஞ்சு.

பிகோனியாவுக்குக் கால்சியம் கொடுத்தும் பலனில்லை. கொழுந்து சுருண்டு விறைத்திருக்கிறது, இலையடி வெண்கல நிறம். பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை.

கண்ணில் படாததுதான் துப்பு. கொழுந்தின் சாற்றை உறிஞ்சும் முரணைச் சிலந்தி (broad mite) சுமார் 0.2 மி.மீ. தான், 20 மடங்கு உருப்பெருக்கியில் இலையடியைப் பாருங்கள். வெள்ளிக் கீறலும் கரும்புள்ளி எச்சமும் இருந்தால் அது இலைப்பேன், கதை வேறு.

சுருண்ட கொழுந்தை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூளை) முதலில் ஒரே இலையில் அடித்து, இரண்டு நாள் பாருங்கள். கருகாவிட்டால் செடி முழுவதும், வாரம் ஒருமுறை, மூன்று தடவை. கடும் வெப்பத்திலும், வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது. இமிடாகுளோபிரிட் இதற்கு உதவாது, அது பூச்சிமருந்து. சிலந்தி பூச்சியினம் அல்ல. ஏற்கெனவே சுருண்ட இலை விரியாது. அடுத்து வரும் கொழுந்தைத்தான் கவனிக்க வேண்டும்.

மண் ஈரமாகவே இருக்கிறது, ஆனாலும் குருத்து கறுத்துத் தொங்குகிறது. கீழ் இலைகளும் மஞ்சள்.

மேலும் கீழும் ஒன்றாகக் கெட்டால் வேரைப் பாருங்கள். இழுத்தால் தோல் உருவி நரம்பு மட்டும் நின்றால் அழுகல். அழுகியதை வெட்டிவிட்டு, மிஞ்சிய வேரின் அளவுக்கேற்ற சிறு தொட்டியில், தண்ணீர் வடியும் மண்கலவையில் நடுங்கள். புது வேர் பிடிக்கும்வரை உரம் வேண்டாம்.

குருத்து போனால் செடி போனதா?

கணு உள்ள செடி போகாது. நல்ல கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டினால் பக்கத்துளிர் வரும். ஒற்றைத்தண்டுப் பனை வகைக்கு மட்டும் அந்தக் குருத்து ஒன்றுதான் உயிர். அரிக்கா போன்ற, பல தண்டுகளாக வளரும் தூர்ப்பனையில் அந்தத் தண்டு மட்டும் சாகும், மற்றவை பிழைக்கும்.