நடந்தாலே மாடி ஆடுது, பயப்படணுமா?

கேள்வி: ஐயா வணக்கம். காட்பாடில கடைக்கு மேல ஸ்டீல் பீம் போட்டு, டெக் ஷீட்ல கான்கிரீட் ஊத்தி மாடி எடுத்து டியூஷன் நடத்துறேன். தூணுக்கு தூண் 27 அடி. நடுவுல ஒரு பையன் நடந்தாலே டேபிள்ல தண்ணி பாட்டில் நடுங்குது, கட்டினவர கேட்டா ஸ்டீல்னா அப்படித்தான்றாரு, பக்கத்துல ரயில் போறதாலன்னும் சொல்றாங்க. பிள்ளைங்கள உக்கார வைக்கவே பயமா இருக்கு.
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: உங்க பயம் நியாயம்தாம்மா, ஆனா ஆட்டம் வேற, பலம் வேற. பாரம் நல்லா தாங்குற தரை கூட நடந்தா ஆடும். மனுஷன் நடக்குறப்ப செகண்டுக்கு சுமார் 2 தடவ கால் வைப்பான், உங்க தரை தன் போக்குல செகண்டுக்கு 6 தடவ ஆடுற மாதிரி இருந்துச்சுன்னா ஒவ்வொரு மூணாவது ஆட்டத்துக்கும் ஒரு மிதி சரியா வந்து விழும், ஊஞ்சல மூணு ஆட்டத்துக்கு ஒரு தடவ தள்ளினாலும் ஏறும்ல, அதேதான். ஸ்டீல் மாடி எடை கம்மி, ஸ்பான் (தூணுக்கு தூண் இடைவெளி) நீளம், உங்களுது மாதிரி ஹால்ல தடுப்புச் சுவரும் கிடையாது, அதனால எழுந்த ஆட்டம் சீக்கிரம் அடங்காது. ஸ்டீல் கட்டடத்துக்கான இந்திய விதி ஐ.எஸ். 800 (2007)லயே இதுக்குன்னு தனி பின்னிணைப்பு இருக்கு, எடை கம்மியான நீள ஸ்பான் தரைய கவனிக்கணும்னு. அதனால "ஸ்டீல்னா அப்படித்தான்"னு கட்டினவர் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன்.

முதல்ல நீங்களே பாருங்க. போன்ல அதிர்வு காட்டுற ஆப் போட்டு ஹால் நடுவுல வெறுந்தரைல வைங்க, பாய் மேல வேணாம். பக்கத்துல நின்னு குதிகால ரெண்டரை அங்குலம் தூக்கி தொப்புன்னு விடுங்க, அப்புறம் தரை தானா செகண்டுக்கு எத்தன தடவ ஆடுதுன்னு தெரியும். அடுத்து ஒருத்தர நடக்க விடுங்க. வீடு, ஆபீஸுக்கு அமெரிக்க ஸ்டீல் கையேட்டுல ஆட்டத்தோட முடுக்கத்துக்கு (வேகம் மாறுற வீதம்) சொல்ற எல்லை புவியீர்ப்பு முடுக்கத்துல 0.5 சதவீதம், அதாவது சுமார் 0.05 மீட்டர்/செகண்ட்². குதிகால் அடிச்ச அளவ இதோட ஒப்பிடாதீங்க, நடக்குற அளவ மட்டும்தான். போன் இவ்ளோ சின்ன அளவ துல்லியமா காட்டாது, ஒரு குத்துமதிப்புக்குத்தான், முடிவு சொல்ல எஞ்சினியர் சரியான ஆக்சிலரோமீட்டர் (முடுக்கம் அளக்குற கருவி) வச்சு அளக்கணும். ரயில் சந்தேகத்துக்கு, யாரும் நடக்காதப்ப ரயில் போற நேரம் ஒரு தடவ அளந்துட்டா தெளிவாயிடும்.

ஆனா விரிசல், போல்ட் லூஸ், பீம் தொங்கல், ஆட்டம் மாசத்துக்கு மாசம் கூடுறதுன்னு ஏதாவது கண்ணுல பட்டா அளந்துட்டு இருக்காதீங்கம்மா, கிளாஸ நிறுத்திட்டு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர கூப்பிடுங்க.

சரி பண்ண வழி இருக்கு. கீழ கடைக்காரர் ஒத்துக்கிட்டா பீம் நடுவுல ஒரு தூண் கொடுக்குறதுதான் நல்லா கேக்கும், முடியலன்னா பீமுக்கு அடில ஸ்டீல் சேத்து வெல்டிங் பண்றது, இல்ல மாடில முழு உயர தடுப்பு ரெண்டு போடுறது. கார்பெட் போட்டா சத்தம்தான் குறையும். மேல இன்னொரு கான்கிரீட் ஊத்தலாம்னு யாராவது சொன்னா, அந்த எடைக்கு பீம் தாங்குமான்னு கணக்கு எழுத்துல வாங்காம சம்மதிக்காதீங்க.